பந்தியில் யாரோடு யார் உட்காரலாம்? ஆதித் திருச்சபை எல்லை கடந்த விதம்

கிறிஸ்தவ ஆயர்களின் பொதுக்கூட்டமான நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 2025-ல் நிறையச் செய்திகளும் கட்டுரைகளும் வந்தன. கூடவே ஒரு பழைய குழப்பமும் தலைதூக்கியது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டார், கிறிஸ்தவம் பரவிவிட்டது என்கிறார்கள் ஒரு சாரார். பன்னிரண்டு சீடர்கள் திசைக்கு ஒருவராகப் புறப்பட்டுப்போய்ப் பரப்பினார்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். நடந்ததை இரண்டுமே விளக்கவில்லை.

கி.பி. 325-ல் பேரரசர் அழைத்தபோது நிசேயாவில் வந்து கூடிய ஆயர்கள், அதாவது நகரச் சபைகளின் தலைவர்கள், முந்நூறு பேர் அளவில் இருப்பார்கள். ஒவ்வோர் ஆயருக்குப் பின்னாலும் ஒரு நகரம், அந்த நகரத்தில் பல தலைமுறைகளாகக் கூடிவந்த ஒரு சபை. இவர்களைப் பேரரசர் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களைத்தான் அழைத்தார். சரி, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை சிறையும் மரண தண்டனையும் காத்திருந்த ஒரு நம்பிக்கைக்கு இத்தனை ஊர்களில் ஆட்கள் எப்படிச் சேர்ந்தார்கள்?

மந்திரம் எதுவும் வேண்டியதில்லை என்பதைக் கணக்கே காட்டும். கி.பி. 40-ல் ஆயிரம் பேர் இருந்ததாகவும், பத்தாண்டுக்கு 40 சதவீதம் பெருகியதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மூன்றரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவுதான். கி.பி. 100-ல் ஏழாயிரத்து ஐந்நூறு பேர். 200-ல் இரண்டு லட்சத்துச் சொச்சம். 300-ல் அறுபது லட்சத்தைத் தாண்டிவிடும். இது தலைக்கணக்கு அன்று, மதிப்பீடு மட்டுமே. ஆனாலும் ஒன்றை உணர்த்துகிறது. பெருங்கூட்டங்கள் ஒரே நாளில் மாறத் தேவையே இல்லை. நூறு பேர் உள்ள ஊரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேர் புதிதாக வந்து, வந்தவர்கள் தங்கிவிட்டால் போதும்.

ஆகவே யார் எவ்வளவு உரக்கப் பேசினார்கள் என்பதை விட, வந்த அந்நியரை எப்படி உட்கார வைத்தார்கள் என்பதே முக்கியமாகிறது. இங்கே உட்கார வைப்பது என்பது உவமை அன்று. பந்தியில் உட்கார வைப்பதைத்தான் சொல்கிறேன்.

முதலில் நான்கு சொற்கள்

1. புறஜாதியார்: யூதர் அல்லாத எல்லோரும். புதிய மொழிபெயர்ப்புகளில் ‘பிற இனத்தார்’ என்று வரும். நம் ஊர்ச் சாதிப் பொருளில் இதைப் படிக்கக் கூடாது.

2. விருத்தசேதனம்: ஆண்களின் நுனித்தோலை நீக்கும் சடங்கு. கடவுள் ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையின் அடையாளமாக யூதர்கள் இதைக் காத்துவந்தார்கள்.

3. ஜெப ஆலயம்: யூதர்கள் மறைநூல் வாசிக்கவும் மன்றாடவும் கூடிய இடம். பலி கொடுப்பது எருசலேம் ஆலயத்தில் மட்டுமே. ஜெப ஆலயம் ஊருக்கு ஊர் இருந்தது.

4. கடவுளுக்கு அஞ்சுவோர்: யூதராக மாறாமலே யூதரின் கடவுளை மதித்து, ஜெப ஆலயத்துக்கு வந்துபோன புறஜாதியார். பெரும்பாலோர் விருத்தசேதனத்துக்கு முன் நின்றுவிட்டவர்கள். இந்தக் கட்டுரையின் மையத்தில் இருப்பவர்கள் இவர்களே.

ஏற்கெனவே போடப்பட்டிருந்த பாதை

இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ கி.பி. 30-ல். அவரைப் பின்பற்றிய முதல் தலைமுறையினர் எல்லோரும் யூதர்கள். புது மதம் ஒன்றைத் தொடங்குகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. எருசலேம் ஆலயத்துக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

யூதர்களோ அதற்கு வெகு காலம் முன்பே மத்தியதரைக் கடலைச் சுற்றிக் குடியேறியிருந்தார்கள். அலெக்சாந்திரியா, அந்தியோகியா, ரோம், சீரேனே, சைப்பிரஸ், சிற்றாசியாவின் (இன்றைய துருக்கி) நகரங்கள் என எங்கும் அவர்கள் இருந்தார்கள். வீட்டிலும் கடைத்தெருவிலும் அவர்கள் பேசியது கிரேக்கம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி அவர்களுடைய மறைநூலே கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது.

எருசலேமில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு கல்வெட்டு இந்த உலகத்தைக் கண்முன் நிறுத்துகிறது. பத்து வரி, எருசலேமிலேயே கிடைத்தும் மொழி எபிரேயம் அன்று, கிரேக்கம். வெத்தேனுவின் மகன் தியோதோத்து என்பவர், குருவும் ஜெப ஆலயத் தலைவருமானவர், திருச்சட்டத்தை வாசிப்பதற்கும் கட்டளைகளைக் கற்பிப்பதற்கும் ஜெப ஆலயத்தைக் கட்டினார் என்கிறது. அதோடு நிற்கவில்லை. வெளியூரிலிருந்து வருவோரில் தேவைப்படுவோர்க்கு விருந்தினர் விடுதி, அறைகள், தண்ணீர் வசதி ஆகியவற்றையும் அமைத்ததாகச் சொல்கிறது. நம் ஊர்ச் சத்திரங்களை நினைத்துக்கொண்டால் புரியும். பயணப்பட்டு வந்த யூதனுக்குத் தங்க இடமும் கால்கழுவத் தண்ணீரும் பேசத் தெரிந்த மொழியும் கிடைத்தன. இயேசுவின் செய்தியைப் புறஜாதியாரிடம் கொண்டுசென்ற பவுல் பின்னாளில் ஊர் ஊராகப் போய் முதலில் ஜெப ஆலயத்தில் நுழைந்தது இந்த வலைப்பின்னலை நம்பித்தான்.

அந்த ஜெப ஆலயங்களின் ஓரத்தில் நின்றவர்கள் கடவுளுக்கு அஞ்சுவோர். ஒரே கடவுள், ஒழுக்கமான வாழ்வு, பழைமையான மறைநூல் ஆகிய மூன்றும் அவர்களை ஈர்த்தன. உள்ளே வரவோ பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் வளர்ந்த ஆணுக்கு அறுவை. உணவு முறை முழுவதும் மாற வேண்டும். சொந்த உறவுகளோடு கூடி உண்பது குறைந்துவிடும். சிற்றாசியாவின் அப்ரோதிசியாஸ் நகரில் கிடைத்த பிற்காலக் கல்வெட்டு ஒன்றில் யூதர்களின் பெயர்கள் ஒரு பட்டியலாகவும், ‘கடவுளுக்கு அஞ்சுவோர்’ என்ற தலைப்பில் வேறு பெயர்கள் தனிப் பட்டியலாகவும் செதுக்கப்பட்டிருக்கின்றன. சேர்ந்தும் சேராமலும் நின்ற அந்த நிலை கல்லிலேயே கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்கிறது.

எல்லையை முதலில் தாண்டியவர்கள்

ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகளை ஊன்றிப் படித்தால், எல்லை தாண்டும் வேலையைத் தலைவர்கள் திட்டமிட்டுத் தொடங்கவில்லை என்பது தெரியும்.

எருசலேம் சபையில் முதல் பூசலே சாப்பாட்டில்தான் வந்தது. அன்றாட உணவுப் பகிர்வில் கிரேக்கம் பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. அதைத் தீர்க்க ஏழு பேர் நியமிக்கப்பட்டார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். அவர்களில் ஒருவரான ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட, அந்தக் கலவரத்தில் பலர் ஊரை விட்டு ஓடினார்கள். ஓடியவர்கள் பினீசியா, சைப்பிரஸ், அந்தியோகியாவரை போனார்கள். போன இடத்தில் யூதர்களிடம் மட்டுமே பேசினார்கள் என்று நூல் அழுத்திச் சொல்கிறது. ஆனால் சைப்பிரஸ், சீரேனே ஊர்க்காரர்கள் சிலர் மட்டும் அந்தியோகியாவில் கிரேக்கர்களிடமும் பேசிவிட்டார்கள்.

அந்தச் சிலரின் பெயர்கள் பதிவாகவில்லை. வரலாற்றின் போக்கை மாற்றியவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவர்களுடைய ஊர் மட்டுமே. பவுலுக்குச் சிலை வைக்கும் கைகள் இவர்களையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். எருசலேமிலிருந்து அனுப்பப்பட்ட பர்னபா வந்து பார்த்தார், மகிழ்ந்தார், தர்சுக்குப் போய்ச் சவுலைத் தேடி அழைத்துவந்தார். சவுலின் இன்னொரு பெயர்தான் பவுல். ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயர் முதன்முதலில் வழங்கியதும் இந்த அந்தியோகியாவில்தான்.

இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் முதன்மையானவரான பேதுருவும் தம் வழியில் அதே வாசலுக்கு வந்து நின்றார். யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில் பசியோடு இருந்தபோது, யூதர் உண்ணத் தகாத விலங்குகள் நிறைந்த ஒரு விரிப்பு வானிலிருந்து இறங்குவதாகக் காட்சி கண்டார். அடுத்து செசரியாவில் கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவனின் வீட்டுக்குள் நுழைந்தார். அவன் ஒரு கடவுளுக்கு அஞ்சுபவன். எருசலேம் திரும்பிய பேதுருமேல் எழுந்த குற்றச்சாட்டு, விருத்தசேதனம் இல்லாதவர்களோடு சாப்பிட்டீரே என்பது. அந்நியனுக்குப் போதித்ததை விட, அவனோடு உண்டதே உறுத்தியது.

சாப்பாடு ஏன் இவ்வளவு பெரிய சிக்கல்?

காரணம் எளிது. ஆதிச் சபையின் வழிபாடே ஓர் உணவு. ‘ஆண்டவரின் இராப்போஜனம்’ என்பது அன்று அடையாளத்துக்கு ஒரு துண்டு அப்பம் உண்பதாக இல்லை. மாலையில் ஒரு வீட்டில் கூடி உண்ட உணவோடு இணைந்திருந்தது. அதனால், ஒருவரைச் சபையில் ஏற்றுக்கொண்டு பந்தியில் விலக்கிவைப்பது முடியாத காரியம். பந்தி இரண்டானால் சபையும் இரண்டாகும்.

ஏறத்தாழ கி.பி. 49-ல் எருசலேமில் ஒரு கூட்டம் நடந்தது. விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் மீட்பு என்று ஒரு தரப்பு வாதிட்டது. அவர்களைக் குறுகிய மனத்தவர் என்று ஒதுக்குவது நியாயமன்று. இந்த அடையாளத்தைக் காப்பதற்காக அவர்களுடைய முன்னோர் உயிரையே கொடுத்திருந்தார்கள். மறைநூல் தெளிவாகச் சொல்வதை மாற்ற நமக்கு என்ன உரிமை என்பது நேர்மையான கேள்வி.

கூட்டத்தின் முடிவு பற்றி நமக்கு இரண்டு பதிவுகள் உள்ளன. இரண்டும் முழுக்க ஒத்துப்போகவில்லை.

1. அப்போஸ்தலர் நடபடிகளின்படி, இயேசுவின் சகோதரரான யாக்கோபு தீர்ப்பைச் சொல்கிறார். புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டாம். சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரிக்கப்பட்ட விலங்கின் இறைச்சி, தகாத பாலுறவு ஆகிய நான்கையும் விலக்கினால் போதும். நான்கில் மூன்று சாப்பாட்டைப் பற்றியவை. யூதரும் புறஜாதியாரும் ஒரே இலையில் இல்லாவிட்டாலும் ஒரே பந்தியிலாவது உட்காரத் தேவையான குறைந்தபட்ச உடன்பாடு என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

2. பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின்படி, எருசலேம் தலைவர்கள் எதையும் கூடுதலாகச் சுமத்தவில்லை. ஏழைகளை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டுமே கேட்டார்கள். கிரேக்கரான தீத்துவைக்கூட விருத்தசேதனத்துக்குக் கட்டாயப்படுத்தவில்லை.

உடன்பாட்டோடு கதை முடிந்துவிடவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பர்னபாவும் விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். இதை எழுதிவைத்திருப்பவர் பவுலே. அன்று யார் வென்றார் என்று அவர் சொல்லவில்லை. வென்றிருந்தால் சொல்லாமல் விட்டிருப்பாரா என்ற ஐயம் எழுகிறது. ஆனால் காலப்போக்கில் நிலைத்தது பவுலின் வழியே.

முடிவு திறந்துவிட்ட மதகு

ஜெப ஆலயத்தின் ஓரத்தில் நின்றவர்களை இப்போது எண்ணிப்பாருங்கள். ஒரே கடவுள், மறைநூல், ஒழுக்கம் என அவர்கள் விரும்பிய எல்லாம் இங்கேயும் உண்டு. அறுவையும் உணவு விதிகளும் இல்லை. இரண்டாம் வரிசை உறுப்பினர் என்ற தாழ்வும் இல்லை. முதல் வரவுகள் இங்கிருந்து வந்ததில் வியப்பில்லை.

கொரிந்து நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பவுல் தங்கியது அக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியிடம். கிளவுதியு பேரரசர் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியதால் அங்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மூவருக்கும் ஒரே தொழில், கூடாரம் செய்வது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதென்று இரவும் பகலும் உழைத்ததாகத் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் சொல்கிறார். அப்படியானால் அவருடைய நாளின் பெரும்பகுதி பட்டறையில், ஊசியும் கத்தியும் தோலும் துணியுமாகக் கழிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர், பக்கத்துக் கடைக்காரர், சரக்கு கொண்டுவரும் ஆள் எனப் பேச்சுக்கு ஆட்கள் தாமாகவே வரும் இடம் அது. ஜெப ஆலயத்தில் எதிர்ப்பு வந்தபோது, அதற்கு அடுத்த வீட்டில் குடியிருந்த யுஸ்து என்ற கடவுளுக்கு அஞ்சுபவரின் வீட்டுக்குப் பவுல் மாறினார். ஜெப ஆலயத் தலைவரான கிறிஸ்புவும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். ஒரு சுவர் தாண்டினால் அடுத்த சபை!

கொரிந்தில் பவுல்மேல் வழக்கு வந்தபோது அதைக் கேட்ட ரோம ஆட்சியாளர் கல்லியோனின் பெயர் தெல்பி நகரக் கல்வெட்டில் இருப்பதால், இது ஏறத்தாழ கி.பி. 51-ல் நடந்தது என்று உறுதியாகக் கணிக்க முடிகிறது. பவுலின் வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமாக ஆண்டு சொல்லக்கூடிய இடம் வேறு இல்லை.

புதிய சபைகளைக் கட்டிக்காத்தவை மூன்று.

1. வீடு. தனிக் கோயில் கிடையாது. வீட்டுத் தலைவரோ தலைவியோ நம்பினால் உறவினர், அடிமைகள், வேலையாட்கள் என மொத்த வீடும் வந்தது. பிலிப்பியில் முதல் வீடு லீதியாளுடையது. தியத்தீராவிலிருந்து வந்து விலையுயர்ந்த ஊதா நிற இரத்தாம்பரத் துணி விற்ற பெண் அவர்.

2. கடிதம். ரோமருக்கு எழுதிய கடிதத்தில், கெங்கிரேயா சபையின் ஊழியரான பெபேயாளை ஏற்றுக்கொண்டு உதவும்படி பவுல் பரிந்துரைக்கிறார். அந்தக் கடிதத்தைக் கொண்டுசென்றவர் அவரே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. தபால் துறை அரசாங்கத்துக்கு மட்டுமே இருந்த காலத்தில் நம்பகமான ஆள்தான் தபால். கொண்டுபோனவர் படித்துக் காட்டவும் ஐயம் தீர்க்கவும் வேண்டியிருந்திருக்கும்.

3. காணிக்கை. எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் கிரேக்கத்திலும் பணம் திரட்டினார் பவுல். ஒருவரை ஒருவர் பார்த்திராத ஊர்களைப் பணம் உறவாக்கியது.

இந்தப் பந்தியும் குறையற்றதாக இருக்கவில்லை. கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தின்றுகுடித்துவிட, வேலை முடித்து வந்த ஏழைகள் பசியோடு இருந்தார்கள். ‘இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா’ என்று பவுல் கொதித்து எழுதுகிறார். சபைகளைப் பற்றிய உண்மை இத்தகைய கண்டிப்புகளில்தான் அதிகம் தெரிகிறது.

வெளியாள் கண்ணில்

கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களைத் தண்டிப்பது எப்படி என்று கேட்கும் கடிதம் அது. விசாரணையில் அவர் அறிந்தது இவ்வளவே: குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், சொன்ன சொல் தவற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு மீண்டும் கூடிச் சாதாரண உணவை உண்கிறார்கள். ஊழியர்கள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை அவர் சித்திரவதை செய்து விசாரித்தார். அவர்களுடைய பெயர்களையும் அவர் எழுதவில்லை. நகரங்களைத் தாண்டிக் கிராமங்களிலும் இது பரவிவிட்டது என்று புலம்புகிறார்.

கி.பி. 251-ல் ரோமச் சபையின் கணக்கு ஒன்று கிடைத்திருக்கிறது: மூப்பர்கள் 46 பேர், உதவியாளர்கள் 7 பேர், சபை பராமரித்த கைம்பெண்களும் வறியவர்களும் 1500-க்கும் மேல். அதே காலத்தில் கொள்ளைநோய் ஒன்று பேரரசைச் சூறையாடியது. நோயாளிகளைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டு, அதனாலேயே இறந்துபோன சபையாரைப் பற்றி அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு எழுதியிருக்கிறார். நூறாண்டு கழித்துப் பழைய தெய்வங்களை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்களே என்று தம் பூசாரிகளிடம் குறைபட்டுக்கொண்டார். எதிர்த்தரப்பின் இந்த வாக்குமூலத்தை விட வலுவான சான்று வேறில்லை என்பது என் கருத்து.

இடிக்கப்பட்ட ஒரு சுவர்

யூப்ரத்தீஸ் கரையில், இன்றைய சிரியாவில், துரா யூரோப்போஸ் என்று ஒரு கோட்டை நகரம் இருந்தது. கி.பி. 256 வாக்கில் பாரசீகர் முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்த ரோமப் படையினர் அதையொட்டிய வீடுகளை மண்ணால் மூடினார்கள். அந்த மண் ஒரு வீட்டை நமக்காகக் காத்துவைத்தது. முற்றம் வைத்த சாதாரண வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். நெருக்கி உட்கார்ந்தால் எழுபது பேர் வரை கொள்ளும். இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி. சுவரில் ஆடு சுமக்கும் மேய்ப்பன், படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் முடவன். அதே மதிலோரத்தில் சற்றுத் தள்ளி, ஓவியங்கள் நிறைந்த ஜெப ஆலயமும் மண்ணுக்குள் கிடந்தது. 

கொடுத்த விலை

திறந்த வாசல் வழியே புறஜாதியார் பெருகப் பெருக, யூத விசுவாசிகள் சிறுபான்மையானார்கள். கி.பி. 70-ல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்த பிறகு தாய்ச்சபையின் செல்வாக்கும் தேய்ந்தது. அந்தியோகியாவில் இடம் கேட்டு நின்றவர்களின் வழிவந்தோர், பின்னாளில் யூத வழக்கங்களைக் காத்த கிறிஸ்தவர்களுக்கே இடம் மறுத்தார்கள். யூதர்மீது வெறுப்பைக் கொட்டும் பிரசங்கங்கள் நான்காம் நூற்றாண்டில் அதே அந்தியோகியாவில் ஒலித்தன. இந்தக் காயத்தை மறைத்துவிட்டுப் பரவிய கதையை மட்டும் சொல்வது முறையாகாது.

பேரரசரின் பங்கும் பேரரசுக்கு வெளியேயும்

கான்ஸ்டன்டைன் 313-ல் சக பேரரசர் லிசினியுவோடு சேர்ந்து வழிபாட்டுச் சுதந்திரம் தந்தார். கட்டடமும் பணமும் செல்வாக்கும் அதன்பின் வந்தன. வளர்ச்சியின் தன்மையும் மாறியது. அரசு மதம் என்ற நிலை அவரால் வந்ததன்று. 380-ல் பேரரசர் தியோடோசியு வெளியிட்ட ஆணையால் வந்தது.

ரோமரின் ஆட்சி எட்டாத இடங்களிலும் சபைகள் இருந்தன. ஆர்மீனிய மன்னர் திரிதாத்து நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம்பிக்கையை ஏற்றார். 405 வாக்கில் அந்த மொழிக்கு எழுத்தே மறைநூலை மொழிபெயர்ப்பதற்காக உருவாக்கப்பட்டது. எத்தியோப்பியாவின் அக்சும் மன்னர் எசானா, தம் நாணயங்களில் பிறைக்குப் பதிலாகச் சிலுவையைப் பொறித்தார். பாரசீகத்திலோ ரோமப் பேரரசரின் ஆதரவே கேடாக முடிந்தது. கிறிஸ்தவர்கள் எதிரி நாட்டுக்கு வேண்டியவர்கள் என்ற சந்தேகம் விழ, 340 வாக்கில் இரண்டாம் சாப்பூர் மன்னர் அவர்களைக் கொடுமையாக ஒடுக்கினார். அப்படியும் சிரியாக் மொழி பேசிய அந்தச் சபை, வணிகக் கப்பல்களின் தடம் பிடித்துக் கிழக்கே வந்தது.

இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52-ல் மலபார் கரையில் இறங்கினார் என்பது கேரளக் கிறிஸ்தவர்கள் போற்றிவரும் மரபு. எழுத்துச் சான்று என்று கையில் எடுத்துப் பார்க்கக்கூடியது 849-ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள், மருவான் சபீர் ஈசோ கொல்லத்தில் எழுப்பிய பள்ளிக்கு (தேவாலயத்துக்கு) நிலமும் குடிகளும் உரிமைகளும் கொடுத்ததை, தமிழோடு ஒட்டிய அன்றைய மலைநாட்டு மொழியில் வட்டெழுத்தில் அது பதிவு செய்கிறது. ஏட்டின் முடிவில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. சிலர் அரபு எழுத்திலும், சிலர் பாரசீகரின் பகலவி எழுத்திலும், யூதர் சிலர் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.